மூன்றாவது அடியின் ஏற்றம்

பகல் பன்னிரண்டு மணிக்கு மிளகு அரிக்கும் மெஷினை நிறுத்தினாலும் காதுக்குள் அது கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது ஓடி அடங்கும்வரை இந்திரகுமார் சோற்றுப் பார்சலைத் தொடமாட்டான். அன்றைக்கு அடங்கிய பிறகும் தொடவில்லை. சாக்கு அடுக்கில் ஏறி, கூரைத் தகரத்துக்கு நடுவே பதித்த கண்ணாடித் துண்டு வழியாக வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தான். மடியில் இரண்டு கொப்பிகள். ஒன்று பழையது, மட்டை கிழிந்து, ஓரமெல்லாம் எண்ணெய் ஊறி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் கிடந்து கற்பூர வாசம் ஏறியது. மற்றது போன ஞாயிற்றுக்கிழமை உக்குவளைக் கடையில் வாங்கியது. பழையதில் உள்ள இருபத்தாறு பாட்டுகளையும் புதியதில் அவன் கையாலேயே எழுதி முடிக்க வேண்டும். சனிக்கிழமைக்குள்.

"என்ன கவிஞரே, இன்னும் பத்தாம் பக்கந்தானா?" தராசடியில் நின்ற ரிஸ்வி கீழேயிருந்து கத்தினான். "நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள ஒங்க பாட்டுல வார மாப்புள்ளக்கும் பொண்ணுக்கும் பேரப்புள்ள பொறந்திரும்."

"நீ ஒன் தராச பாரு. முள்ளு உறங்குது."

சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நாற்பத்திரண்டு வயதில், தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், பச்சைப் பிள்ளைகள் உட்காரும் சின்னக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து அ, ஆ படித்தவனுக்கு இந்தச் சிரிப்பெல்லாம் புதிதில்லை. தினுஷா டீச்சருக்கு அவன் வயதில் பாதிதான் இருக்கும். அவள் கரும்பலகையில் எழுதினால் இவன் காற்றில் விரலால் எழுதிப் பார்ப்பான். ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்கும் கைக்கு ஒரு பென்சிலைத் தூக்கத் தெரியவில்லை. அழுத்தி அழுத்தி முனையை உடைத்தான். எழுத்து என்பது மூட்டை போலத்தான் என்று அவனுக்குப் பிடிபட இரண்டு மழைக்காலம் ஆனது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்தால் மலைத்துப் போகும். ஒன்றைத் தூக்கு, கொண்டுபோய் வை, திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கு. அப்படித்தான் இன்றைக்கும் வாசிக்கிறான்.

பாட்டுகள் எல்லாம் அவனுடையவை. அவன் வாயிலிருந்து வந்தவை. மெட்டு யஹ்யா நானாவுடையது. உக்குவளை ரயில்வே கேட் பக்கத்து ஸ்டாண்டில் ஓட்டோ வைத்திருக்கும் மனுஷன். இவனைவிட ஆறு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை பகலில் தோட்டத்துக்கு ஏறி வருவார். லயத்து வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டே ஒரு மெட்டை முனகுவார். இவன் அதற்குச் சொல் போடுவான். அவர் எழுதுவார். எழுதிய கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். பாட்டும் கூத்தும் ஆகாது என்று அவருடைய மூத்த சகோதரர் முதல் கொப்பியை அடுப்பில் போட்டதிலிருந்து எல்லாம் இவன் வீட்டில்தான். இரண்டு பேருமாகக் கல்யாணம், சடங்கு, திருவிழா என்று உக்குவளையிலிருந்து நாலந்தா வரை பாடிவிட்டார்கள். மாத்தளை டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேல் ரெக்கோர்டிங் அறை வைத்திருக்கும் சதீஸ்குமார், போன மாதம் நாலந்தாக் கல்யாண வீடொன்றில் அவர்களுடைய ஊஞ்சல் பாட்டைக் கேட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தான். "அண்ணே, மத்ததெல்லாம் எனக்கு வேணாம். அந்த ஒண்ணப் பாடித் தாங்க. ஊரே கேக்கும், வெளிநாடும் கேக்கும்" என்றான். இந்தச் சனிக்கிழமை வரச் சொல்லி, நிரப்பித் தர ஒரு பாரமும் தந்தான். தன் கையால் எழுதிய கொப்பியோடுதான் அங்கே போவது என்று இந்திரகுமார் அன்றைக்கே முடிவுகட்டினான். அதில் 'சொல்' என்று போட்டு ஒரு கோடு. 'மெட்டு' என்று போட்டு ஒரு கோடு. இத்தனை வருஷமும் பெருவிரலை மையில் அமுக்கியவன், முதல் கோட்டில் தன் பெயரை எழுதுவதற்காகவே ஒரு முழு மாலை கடுதாசியில் பழகினான்.

பழைய கொப்பியில் ஒவ்வொரு பாட்டுக்கும் அடியில் பென்சிலால் ஒரு சின்ன வரி இருக்கும். அதைத் தேதி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். இன்றைக்குத்தான் அதையும் வாசித்துப் பார்த்தான். 'உக்குவளை கேட் மணி. மழை நேரம்.' அவனுக்கு முதலில் விளங்கவில்லை. அடுத்த பாட்டுக்கு அடியில், 'பாண் வண்டி மியூசிக். திருப்பிப் போட்டது.' காலையில் பாண் விற்க வரும் வண்டி அடிக்கும் மெட்டு, தலைகீழாக. அதற்கடுத்து, 'மஸூதா மா இடிக்கிறது. கோபத்தில்.' மஸூதா யஹ்யா நானாவின் மனைவி. இந்திரகுமார் வாய்விட்டுச் சிரித்தான். நானா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. 'எனக்கு ச ரி க ம எழுதத் தெரியாது மச்சான். மெட்டு மறந்தா தேடிப் போக ஒரு விலாசம் வேணும். அதத்தான் எழுதி வெக்கிறேன்.' அப்போது அது வெறும் பேச்சு என்று விட்டுவிட்டான். மனுஷன் உண்மையாகவே விலாசம் எழுதி வைத்திருக்கிறார்! கடவுளே, நாலந்தாவில் ஆள்கள் எழும்பி நின்று கைதட்டிய பாட்டு, மஸூதா ராத்தா புருஷனை நினைத்து உலக்கையைப் போட்ட போடு!

பத்தொன்பதாவது பாட்டு ஊஞ்சல் பாட்டு.

*மஞ்சக் கயிறு ஊஞ்சல் கட்டி
மாமன் வீட்டு வாசலிலே
ஆடு கண்ணே ஆடு கண்ணே
ஆட்ட ஒரு கை வந்தாச்சு*

சொற்களை அவன் வாசிக்கத் தேவையில்லை. விரல் கீழே இறங்கிப் பென்சில் வரியில் நின்றது. வே. ல. ம். மா. அவன் மனைவியின் பெயர். வேறு யாராவது வேலம்மாவாக இருக்கும் என்று நினைத்தான். ஊரில் எத்தனை வேலம்மா. அடுத்த மூட்டையைத் தூக்கினான். 'தங்கச்சி.' அடுத்தது. 'ஆஸ்பத்திரியிலிருந்து.' அடுத்தது. 'பின் சீட்.' கடைசியாக, கொஞ்சம் இடம் விட்டு, 'மதகடியில் ஏற்றம்.'

ஐந்து மூட்டை. இறக்கி வைக்க இடமில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, பிறந்து மூன்றாவது நாள் அவனுடைய இரண்டாவது பெண்பிள்ளை டவுன் ஆஸ்பத்திரியில் போய்விட்டது. இதயத்தில் பிறவியிலேயே பிழை என்றார்கள். பெயரும் வைக்கவில்லை. யஹ்யா நானாவுக்குத்தான் போன் எடுத்தான். அவர் ஓட்டோவைக் கொண்டுவந்து ஒரு சொல்லும் கேட்காமல் கதவுத் திரையை இறக்கி விட்டார். பிள்ளை வேலம்மாவின் மடியில் இருந்தது. இவன் பக்கத்தில் இருந்தான். தோட்டத்துப் பாதை திரும்பும் இடத்தில் ஒரு மதகு. அதன் மேல்பலகை உடைந்து, ஏறினால் ஓட்டோ ஒரு துள்ளுத் துள்ளும். அந்த இடத்தில் அவள் பிள்ளையை இழுத்து அணைத்தது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் அழுதாளா? அழுதிருப்பாள். எப்படி அழுதாள் என்பது ஞாபகத்தில் இல்லை. அந்த இடம் வெறும் தகரமாக இருந்தது.

ஊஞ்சல் பாட்டில் மூன்றாவது அடியில் மெட்டு ஒரு ஏற்றம் ஏறும். கல்யாண வீட்டில் பெண்கள் காத்திருப்பது அந்த இடத்துக்குத்தான். 'ஆடு கண்ணே' என்று மேலே போய் அங்கேயே கொஞ்சம் நின்று, பிறகுதான் இறங்கும். அந்த ஏற்றத்தில் பெண்ணின் தாய்மார் கண்ணைத் துடைப்பார்கள். சந்தோஷத்தில் துடைக்கிறார்கள் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறான்.

ரிஸ்வி மெஷினைப் போட்டான். இந்திரகுமார் இறங்கவில்லை. சோற்றுப் பார்சல் பிரிக்காமலே கிடந்தது.

வேலம்மா அந்தப் பாட்டுக்கு உட்கார்ந்ததே இல்லை. நானா முதல் முதலாக அந்த மெட்டைக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பாதித் தேங்காயை அப்படியே வைத்துவிட்டு இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போனாள். குடம் நிறைந்து வழிந்து பாதைக்கு ஓடியும் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அந்தப் பாட்டு எடுத்தால் அவளுக்கு ஒரு வேலை வந்துவிடும். கோழிக்குத் தீனி, கொடியில் துணி, லயத்தின் அடுத்த காம்பராவில் உப்பு. புருஷனுக்கு நாலு பேர் கைதட்டுவது பொறுக்கவில்லை என்று நினைத்தான். "ஊர்ல எல்லாப் பொம்பளைக்கும் இனிக்குது, ஒனக்கு மட்டும் கசக்குதா?" என்று ஒருமுறை, குடித்துவிட்டு, பக்கத்துக் காம்பராக்காரர்கள் கேட்கும்படியே கேட்டிருக்கிறான்.

அதைவிட மோசம் போன வருஷம். மூத்தவள் ஹம்சிகாவின் சடங்கு. பிள்ளையை மணையில் உட்கார வைத்து மஞ்சள் நீர் ஊற்றும் நேரம், நானாவும் இவனும் ஊஞ்சல் பாட்டு எடுத்தார்கள். வேலம்மா செம்பைக் கீழே வைக்கப் போனாள். இவன் மைக்கிலேயே சொன்னான், "தாயார் அவர்கள் எங்கயும் ஓடக்கூடாது, இது அவங்க பொண்ணுக்கு" என்று. கூட்டம் சிரித்தது. அவள் நின்றாள். கையில் செம்போடு, ஒரு பெண்ணின் தலையில் மஞ்சள் நீரை ஊற்றிக்கொண்டு, பாட்டு முடியும்வரை நின்றாள். வீடியோவில் இருக்கிறது. அவன் நாலு முறை போட்டுப் பார்த்திருக்கிறான், தன்னுடைய குரல் எப்படி என்று.

வேலை முடிந்து கேட்டடிக்குப் போகும்போது ரயில் வரும் நேரம். கேட் போட்டிருந்தது. யஹ்யா நானா ஓட்டோவின் முன்கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா மச்சான். முகமென்ன, மொளகாத் தூள் சாக்கு ஒடஞ்சிட்டா?"

"நானா, பத்தொம்பதாம் பாட்டு எங்கேருந்து வந்துச்சு?"

துணி கண்ணாடியில் நின்றது. ரயில் வந்து, பெட்டி பெட்டியாகப் போய், சத்தம் அடங்கும்வரை அவர் திரும்பவில்லை. கேட் திறந்து வாகனங்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் சொன்னார்.

"வாசிச்சிட்டியா?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"எழுதித் தந்தேனே. ஒன்ட ஊட்டுலதான் ஈந்துச்சு. ஒம்பது வருஷம்."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்." துணியைப் பிழிந்தார். அழுக்குத் தண்ணீர் அவர் செருப்பில் விழுந்தது. "அதாலதான் எழுதினேன்."

அவன் அவருடைய சட்டையைப் பிடித்திருப்பான். இருபது வருஷம் மூட்டை தூக்கிய கை, பிடித்தால் விடாது. ஆனால் அந்த மனுஷன் எதையும் மறைக்கிற முகத்தோடு நிற்கவில்லை. இவன் எப்போது வந்து கேட்பான் என்று ஒன்பது வருஷமாக நின்ற இடத்திலேயே நிற்பவர் போல நின்றார்.

"நான் அன்னைக்கு முன்னுக்குப் பாத்துத்தான் ஓட்டினேன்," என்றார். "தங்கச்சிட முகம் தெரியக் கூடாதுன்னு உள்கண்ணாடியையும் திருப்பி வெச்சேன். காத என்ன செய்ய? திருப்பி வெக்க ஏலுமா? அவ சொல்லுச் சொல்லி அழல்ல. வாய் தொறக்காம, ஊம் ஊம்னு, ரோட்டு வளைவுக்கு வளைஞ்சு வந்திச்சி. மதகடியில வண்டி துள்ளினப்போ மேல ஏறிச்சி பாரு... நாலு மாசம் என்ட மண்டைக்குள்ள ஓடினிச்சி. ஹயர் போகக்கொள்ள, தொழக்கொள்ள, சோறு திங்கக்கொள்ள. எங்கயாச்சும் எறக்கி வெக்கத்தான் ஒனக்கிட்டக் கொண்டாந்தேன். பொண்டாட்டி அழுகையப் புருஷனுக்குத் தெரியாம இருக்குமா, மொத வரியிலயே கண்டுபுடிப்பாய், என்ட கன்னத்துல அறைவாய்னு நெனச்சேன். நீ என்ன சொன்னாய்? ஞாபகம் ஈக்கா?"

அவனுக்கு ஞாபகம் இருந்தது.

"'நானா, இது கல்யாணப் பாட்டு'ன்னாய். ஊஞ்சல் கட்டினாய். என்ட வாய் அடைச்சிட்டு."

"அதுக்காக ஒம்பது வருஷம் பாடுறதா? அவ முன்னுக்கு வெச்சே பாடுறதா?"

"நீ பாடல்லையா?"

"எனக்குத் தெரியாதே!"

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றார் யஹ்யா. பிறகு குரல் கொஞ்சம் ஏறியது. "நான் அவட அழுகைய எடுத்தேன். அல்லாஹ் கிட்ட அதுக்கு நான் பதில் சொல்லுவேன். நீ என்னத்த எடுத்தாய்? 'மழை பேஞ்சா மரத்துக்கு லீவு, மனுசிக்கு ஏது லீவு'. கைதட்டு அள்ளின வரி. ஆரு சொன்னது? றப்பர்ப் பால் வெட்டப் போற வேலம்மா ஒன்ன ஏசினது. 'அடுப்பும் நானும் ஒரே நெறம்'? அது ஆரு? ஞாயித்துக்கெழம நான் அங்கதானே ஈக்குறேன். அவ ஏசுறா, நீ தலையக் குனிஞ்சிக்கிட்டு முணுமுணுக்கிறாய். பாவம், வெக்கப்படுறான்னு நெனச்சேன் முந்தி. வெக்கமில்ல. பொறுக்கிக்கிட்டு ஈந்தாய்."

இந்திரகுமார் பையிலிருந்து பாரத்தை எடுத்து ஓட்டோ சீட்டில் வைத்தான். "நான் இதுக்கு வரல்ல. சதீஸ்குமாருக்குச் சொல்லிருங்க."

யஹ்யா பாரத்தைப் பார்த்தார். முதல் கோட்டில், குழந்தைகள் எழுதுவதுபோலப் பெரிய எழுத்தில், கோட்டுக்கு மேலும் கீழும் இடறி, 'இந்திரகுமார்' என்று இருந்தது. அவர் அதை மடித்து, திரும்ப அவன் சட்டைப் பையிலேயே செருகினார்.

"சனிக்கெழம ஒம்பதுக்கு மேல வாறேன். மெட்டுக்கு நேரா ஆர்ட பேர எழுதுறதுன்னு நீயே எழுது. இப்ப எழுதத் தெரியுந்தானே."

வீட்டுக்கு ஏறும் வழியில் மதகைத் தாண்டும்போது நின்றான். மேல்பலகை இன்னும் அப்படியேதான். அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காதைக் கொடுத்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. பத்தொன்பதாம் பாட்டை மெல்ல முனகிப் பார்த்தான். சொல்தான் வந்தது. ஊஞ்சல், மாமன், மஞ்சள் கயிறு. சொல்லைக் கழற்றிவிட்டு வெறும் மெட்டை எடுக்க அவனுக்குத் தெரியவில்லை. கழற்றினால் அடியில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அந்தப் பாட்டை விட்டால் தனக்கு என்ன இருக்கிறது என்றும் நினைத்தான். நினைத்ததற்கு வெட்கப்பட்டான், ஆனால் நினைப்பு போகவில்லை. முதுகு போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் ஐந்து வருஷம் மூட்டை தூக்கலாம். அதற்குப் பிறகு ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களில் ஒருவன். அந்தப் பாட்டை மட்டும்தான் அவன் பெயர் போட்டு ஒருவன் கேட்டிருக்கிறான்.

வேலம்மா பீலியடியில் தேசிக்காய்த் தோலால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். றப்பர் பால் நாற்றம் அப்படித் தேய்த்தாலும் போகாது. ஹம்சிகா உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். வெயில் லயத்துக் கூரையில் கடைசித் துண்டாக நின்றது.

"வேலு."

"என்னாங்க?"

அவன் கொப்பியைத் திறந்து, விரலை அந்த வரியில் வைத்துக் காட்டினான். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியுமா ஒனக்கு?"

"அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ நான். கொப்பி என் வீட்டு சாமி தட்டுலதானே கெடக்குது. நானா எழுதிட்டுப் போன அன்னைக்கே படிச்சேன்."

"படிச்சிட்டு ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"படிக்கிறதுக்கு முன்னாலயே தெரியும். அவரு வாயத் தொறந்த ஒடனே தெரியும். என்னோடது எனக்குத் தெரியாதா?" தோலைத் தூக்கி எறிந்துவிட்டு அவனைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். அது வெறும் களைப்பு. "ஒங்களுக்கு இன்னைக்குத்தான் கேட்டுச்சா?"

"வேலு..."

"ஓட்டோவுல நானா முன்னுக்கு இருந்தாரு. நீங்க என் தோளுல தோளு ஒரச ஒக்காந்திருந்தீங்க. எஞ்சின் சத்தத்துக்குள்ள அந்த மனுசனுக்குக் கேட்டிருக்கு."

அவன் வாயைத் திறந்தான். அந்த நேரத்தில்தான் அது வந்தது. தகரமாக இருந்த இடம் திறந்துகொண்டு, அன்றைக்கு அந்தப் பின் சீட்டில் தான் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது முழுசாக வந்து முன்னால் நின்றது. அதை அவள்தான் சொன்னாள்.

"ஒங்க ஒதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஆஸ்பத்திரி கேட்டுலேருந்து வீட்டு வாசல் வரைக்கும். சாமி கும்புடுறீங்கன்னு நெனச்சேன். பரவாயில்ல, இவராவது கும்புடுறாரேன்னு இருந்துச்சு எனக்கு."

*உள்ளங்கையில விழுந்த பனி
ஒத்தச் சொல் கேக்காமப் போன பனி*

பதினெட்டாவது பாட்டு. ஆஸ்பத்திரி வாசலில், பிள்ளையைச் சுற்றிய துணியைப் பார்த்தபோது அந்த வரி அவனுக்கு வந்தது. வேண்டாம் என்று தள்ளினான். போகவில்லை. நல்ல வரி என்று உள்ளே ஒருவன் சொன்னான். எழுதி வைக்கத் தெரியாதவனுக்கு ஒரு வரியை வைத்துக்கொள்ள ஒரே வழிதான் உண்டு. திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் போய்விடும். எத்தனையோ வரியை மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் அப்படி விட்டிருக்கிறான். இதை விட மனமில்லை. பனி, பனி என்று தோட்டம் வரைக்கும், குழி வெட்டும்போதும், எட்டாம் நாள் வரைக்கும், அதற்கடுத்த ஞாயிறு நானா பேனையோடு வந்து உட்காரும்வரைக்கும் பிடித்து வைத்திருந்தான். திருவிழாவில் பையன்கள் அதைக் காதல் பாட்டு என்று விசில் அடித்துக் கேட்டார்கள்.

"அந்தப் பனிப்பாட்டு வந்தப்பதான் தெரிஞ்சுச்சு, நீங்க கும்புடலன்னு," என்றாள் வேலம்மா. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "நானா மேல எனக்குக் கோவமில்ல."

அவள் திரும்பி நடந்தாள். தண்ணீர் அலம்பும் சத்தம் அவள் நடைக்கு நடை கேட்டது. லயம் வரைக்கும் கேட்டது. அவன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த மூன்று நாளும் புதுக் கொப்பியில் ஒரு எழுத்தும் எழுதவில்லை. ஊஞ்சலைக் கழற்றிவிட்டு உண்மையான சொல் போடலாம் என்று ஸ்டோரில் பகல் வேளைகளில் உட்கார்ந்து பார்த்தான். முந்தி சொல் வரும், பிடித்து வைக்க எழுத்து இருக்காது. இப்போது பேனை இருக்கிறது, கொப்பி இருக்கிறது, ஒரு சொல்லும் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்த மூன்று நாளும் வேலம்மா அவனை ஏசவும் இல்லை. சோறு வைத்தாள், எடுத்தாள். பேசவில்லை. அவள் பேசாத வீட்டில் பொறுக்க ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளிடம் சொன்னான். "நாளைக்கு நானா வந்தா திருப்பி அனுப்பிருவேன். அந்தப் பாட்டு இனிமே இல்ல."

அவள் ஹம்சிகாவின் பாடசாலைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

"இல்லன்னு சொல்ல அது ஒங்களோடதா?" என்றாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஓட்டோ வந்து வாசலில் நின்றது. யஹ்யா நானா இறங்கவில்லை, ஹோர்ன் அடிக்கவில்லை. இந்திரகுமார் வெளியே போய்ச் சொல்ல வேண்டியதை வாய்க்குள் அடுக்கிக்கொண்டு படியில் நின்றான். பின்னால் கதவுச் சத்தம் கேட்டது. வேலம்மா டவுனுக்குப் போகும் நீலச் சேலையைக் கட்டி, தலையை வாரி, கையில் முகம் துடைக்கும் கைலேஞ்சியோடு வெளியே வந்தாள்.

"நீ எங்க?"

"ஓட்டோவுல எடமிருக்குத்தானே."

அவள் போய்ப் பின் சீட்டில், இடது பக்கமாக, அன்றைக்கு இருந்த அதே பக்கத்தில் உட்கார்ந்தாள். "வாங்க தங்கச்சி," என்றார் நானா, முன்னுக்குப் பார்த்தபடியே. உள்கண்ணாடியில் கை வைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டார். இந்திரகுமாருக்கு வேறு இடமில்லை. பழைய கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கொப்பிக்குள் பாரம் இருந்தது. முதல் கோட்டில் அவன் பெயர். இரண்டாவது கோடு வெறுமை. பாடப் போகிறோமா, இல்லையென்று சொல்லப் போகிறோமா, யார் பாடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

ஓட்டோ இறக்கத்தில் இறங்கியது. றப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் பால் சிரட்டையை ஏந்திக்கொண்டு நின்றன. மதகு தெரிந்ததும் யஹ்யா நானா கியரைக் குறைத்தார். நத்தை மாதிரி, சக்கரத்தைப் பலகையின் ஓரமாகத் திருப்பினார். இந்த இடத்தில் அவர் எப்போதும் இப்படித்தான் போவார் என்பது, இத்தனை வருஷம் இந்த வண்டியில் ஏறி இறங்கியவனுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"நானா," என்றாள் வேலம்மா.

"சொல்லுங்க தங்கச்சி."

"இப்பிடி மெதுவாப் போனா அந்த ஏத்தம் வராது."

யஹ்யா நானாவின் கழுத்து அசையவில்லை. வண்டி மதகுக்கு முன்னால் நின்று, எஞ்சின் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு அவருடைய வலது கை மெல்ல முறுகியது. ஓட்டோ ஏறித் துள்ளியது. இந்திரகுமாரின் மடியிலிருந்த கொப்பி எகிறியது. அவன் அதை இரண்டு கையாலும் இழுத்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக மூடி, காதை அவள் பக்கம் சாய்த்தான்.